முதல் எவ்வளவு?

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் சந்தை நாள் நடத்துவது இப்போது பழகிப்போன நிகழ்ச்சி. மரத்தடியில் சாக்கை விரித்து, கொல்லையில் பறித்த முருங்கைக்காயையும் அம்மா சுட்டுக் கொடுத்த பணியாரத்தையும் பிள்ளைகள் கூவி விற்கிறார்கள். பேரம் பேசுகிறார்கள், சில்லறை எண்ணித் தருகிறார்கள், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட அன்று குரல் கொடுக்கிறது. மாலையில் டப்பாவில் சேர்ந்த காசை எண்ணி, முந்நூறு ரூபாய் லாபம் என்று ஒரு பிள்ளை அறிவித்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்த முந்நூறு ரூபாய்க்கு உண்மையில் விற்றுமுதல் என்று பெயர். அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் விலையும், விடியுமுன் எழுந்து அடுப்படியில் நின்ற அம்மாவின் நேரமும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கழித்தால் ஐம்பது ரூபாய் மிஞ்சலாம், கையைக் கடித்தும் இருக்கலாம். பணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நாம் செய்யும் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் இடறுகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சேமிக்கச் சொல்கிறோம், விற்கச் சொல்கிறோம், கூட்டிக் கழிக்கச் சொல்கிறோம். முதல் எவ்வளவு என்று கேட்கப் பழக்குவதில்லை.

இது சின்ன விடுபடல் இல்லை. கடைக்காரர் சரக்கை வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளியில்தான் அவர் பிழைக்கிறார் என்ற புரிதல் குழந்தை மனத்தில் தானாக முளைப்பதில்லை. கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய உளவியலாளர் குஸ்தாவ் யஹோடா 1970-களின் இறுதியில் ஸ்காட்லாந்துப் பிள்ளைகளை விளையாட்டுக் கடை ஒன்றில் கடைக்காரராக நடிக்கவைத்து இதை ஆராய்ந்தார். விற்கிற விலைக்கே கடைக்காரர் சரக்கை வாங்கியிருப்பார் என்றுதான் சிறு பிள்ளைகள் பலர் நினைத்தார்கள். பத்து, பதினொரு வயதை ஒட்டித்தான் லாபம் என்ற கருத்து பலருக்குப் பிடிபட்டது. மூளை முதிர முதிர வருகிற புரிதல் இது, அவசரப்படுத்த முடியாது என்று இதற்கு விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் யஹோடா அங்கேயே நின்றுவிடவில்லை. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரேயில் ஒன்பது முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளிடம் அதே கேள்விகளைக் கேட்டு, 1983-ல் முடிவுகளை வெளியிட்டார். அந்த வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகளைவிட அவர்கள் லாபத்தை வெகு தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். தாங்களே சிறு வியாபாரம் செய்தவர்கள், அல்லது பெற்றோரின் வியாபாரத்தில் கூடமாட இருந்தவர்கள் அவர்கள். வாங்கிய விலையை அறிந்தவர்கள். மூளை வளர்ச்சி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கிளாஸ்கோவுக்கும் ஹராரேக்கும் இந்த வேறுபாடு வந்திருக்காது. பிள்ளையின் அனுபவத்தில் முதல் இருந்ததா, விலை மட்டும் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

அப்படியானால் பிள்ளைகளைத் தெருவில் விற்கவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்றுவந்த சிறுவர் சிறுமியர் ஐவரை டெரெசின்யா நூனஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து எழுதிய 1985-ஆம் ஆண்டுக் கட்டுரை, கல்வி ஆய்வில் ஈடுபட்டவர்களிடையே பெயர்பெற்றது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளராக வந்து, ஒரு தேங்காய் 35 குருசேரோ என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்று தேங்காய்க்கு 105 என்று தொடங்கி, இன்னும் மூன்று சேர்த்து 210, பிறகு 315 என்று ஏறி, 350 என்று சரியாகச் சொன்னது. பக்கத்தில் பூச்சியம் போட்டால் முடிந்தது என்ற பள்ளிக்கூடத்துக் குறுக்குவழி அதற்கு நினைவுக்கே வரவில்லை. விற்கிற இடத்தில் வாய்க்கணக்காகக் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகத் தந்தபோது சரியான விடை 37 விழுக்காடாகச் சரிந்தது. 35-ஐ நான்கால் பெருக்கு என்று எழுதித் தந்ததற்கு 200 என்று ஒரு பிள்ளை விடை போட்டது. தேங்காய் விற்கிறபோது அதே கணக்கை 140 என்று சொன்ன பிள்ளை அது. பள்ளியில் கற்ற முறையின் நிழல் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. அறிவு வேறிடத்தில் இருந்தது.

இந்தியாவில் இதே வினாவை இன்னும் விரிவாகக் கேட்டவர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் அடங்கிய குழுவினர். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும், அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், சந்தையில் விற்றுப் பழக்கமில்லாத 471 பிள்ளைகளையும் சோதித்து, 2025-ல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான கணக்குகளை வேலையிடத்தில் தடுமாறாமல் போட்டார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி முறையில் வெறும் எண்களாகத் தந்தபோது திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர் எதிராக இருந்தது. எளிய ஏட்டுக் கணக்கில் அவர்கள் முன்னால் நின்றார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தீர்த்த ஒரு சந்தைக் கணக்கை அவர்களில் நூற்றுக்கு ஒருவரே தீர்த்தார். இந்த முடிவைப் படிக்கிற தமிழ் வாசகர் ஒருகணம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே நகரத்தில், ஒரே வயதில் இருக்கின்றன. ஒரு கூட்டத்துக்குப் பொருள் தெரியும், எழுத்து கைகொடுக்கவில்லை. மறு கூட்டத்துக்கு எழுத்து தெரியும், பொருள் பிடிபடவில்லை. நம்முடைய ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலும் பட்டியல், லாபம், நட்டம் எல்லாம் பாடமாக இருக்கத்தான் செய்கின்றன. அடக்க விலை இவ்வளவு, விற்ற விலை இவ்வளவு என்று இரண்டு எண்களையும் புத்தகமே கொடுத்துவிடுகிறது. பிள்ளைக்கு மிச்சமிருப்பது கழித்தல் மட்டும். அடக்க விலையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வியாபாரத்தின் கடினமான பகுதி. எதையெல்லாம் அதில் சேர்ப்பது, எதை விட்டால் கணக்கு பொய்யாகும் என்று தீர்மானிக்கிற அந்த வேலை பாடத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பொருளையும் எழுத்தையும் இணைக்கும் பாலம் கணக்கு நோட்டு. இதை நம் ஊர் மறந்துபோனதே தவிர, அறியாததில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியோடு பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் இருந்தன. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, மா 20-ல் ஒரு பங்கு என்று பின்னங்களைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு எண் என்பது தொடக்கத்திலிருந்தே நெல்லோடும் பொன்னோடும் நிலத்தோடும் ஒட்டியதாக இருந்தது. கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இந்த மரபை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதைவிட நேரடியான சான்று நகரத்தாரின் வட்டிக்கடைகளில் இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் அவர்களுடைய கடைகளில் இளம் பையன்கள் பெட்டியடிப் பையனாகத்தான் தொழிலைத் தொடங்கினார்கள். எடுபிடி வேலை, கடிதம் கொண்டுபோதல், கணக்கைப் படியெடுத்தல் என்று பணப்பெட்டியின் அருகிலேயே வளர்ந்து, அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தார்கள். வரவும் செலவும் அன்றன்றைக்கே ஏட்டில் ஏறியாக வேண்டும், பேரேட்டில் பெயர்வாரியாகப் பிரிய வேண்டும், ஐந்தொகை நேராக வேண்டும். சந்தைப் பிள்ளையின் கையிலிருந்த அறிவும் பள்ளிப் பிள்ளையின் கையிலிருந்த எழுத்தும் அந்தப் பையனிடம் ஒன்றாகச் சேர்ந்தன. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி ஒரு சாதிக்குள், ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், சொந்த ஊரையும் தாயையும் பிரிந்த சிறுவர்களின் தனிமையை விலையாக வாங்கிக்கொண்டு நடந்தது. திண்ணைப் பள்ளியும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பிறப்பால் சிலருக்கு மட்டும் கிடைத்த அந்த அறிவை எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக்குவது இன்றைய பள்ளியால் மட்டுமே முடியும். அதனால்தான் பள்ளிச் சந்தை அரைகுறையாக நடப்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. வீட்டில் கடை இருக்கிற பிள்ளை முதலைப் பற்றி எப்படியும் தெரிந்துகொள்ளும். கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை.

பிள்ளைப் பருவத்தில் எதற்குக் காசுக் கணக்கு, பள்ளியைக் கடையாக்கலாமா என்று ஒரு மறுப்பு எழும். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இந்தியாவில் இந்த வாதம் மிகக் கூர்மையாக நடந்தது 1937-ல் வார்தாவில். கைத்தொழில் வழியே கல்வி, பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானத்தில் ஆசிரியரின் சம்பளம் என்று காந்தி முன்வைத்த திட்டத்தை வடிவமைக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. நம் ஊர்க்காரரான ஜே.சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வார்தாவில் தங்கிவிட்ட ஆரியநாயகமும் அதில் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் செய்யும் பொருள் கைவினைஞர்களின் பிழைப்போடு போட்டியிடும் என்று பொருளியலாளர் கே.டி. ஷா எதிர்த்தார். பொருளாதார நோக்கம் மேலோங்கிக் கல்வி நோக்கம் பலியாகிற ஆபத்து உண்டு என்று அந்தக் குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை சரியானது என்றே நினைக்கிறேன். பிள்ளையின் வியர்வையில் பள்ளி நடக்க வேண்டும் என்றால், எவ்வளவு வந்தது என்பதுதான் முக்கியமாகும், எப்படி வந்தது என்பது பின்னுக்குப் போகும். ஆனால் இந்த வாதம் பள்ளிச் சந்தையின் வருமானத்தைப் பெருக்குவதற்கு எதிரானதே ஒழிய, கணக்கு எழுதுவதற்கு எதிரானதில்லை. காசு சிறியதாகவும் கணக்கு முழுமையாகவும் இருக்கும்வரை பள்ளி கடையாகாது. இன்னொன்றும் உண்டு. காசிலிருந்து பிள்ளையை விலக்கிவைக்கிற வாய்ப்பு நமக்கு இப்போது இல்லை. கைபேசி விளையாட்டுக்குள்ளேயே வாங்கவும் செலவழிக்கவும் தூண்டுகிறார்கள், கடையில் வைத்திருக்கும் அட்டையைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் காசு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. காசு போவதைப் பார்த்தே வளராத பிள்ளைக்கு அது எங்கிருந்து வருகிறது என்பது எப்படித் தெரியும்?

குழந்தை உழைப்பைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக மிச்ச நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கின் போர்வையில் குழந்தை உழைப்பு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் என்று குழந்தை உரிமைக்காகப் பாடுபடுவோர் அஞ்சியது நியாயமானதே. கொல்கத்தாச் சந்தைப் பிள்ளைகளின் கணக்குத் திறமையைப் பார்த்து வியக்கிற நாம், அதற்காக அவர்கள் இழந்த வகுப்பறையை மறந்துவிடக் கூடாது. கானாவில் 135 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வும் இங்கே கவனத்துக்குரியது. ஒரு பகுதிப் பள்ளிகளில் பணத்தைப் பற்றி மட்டும் கற்பித்து சேமிப்பு மன்றம் நடத்தினார்கள். இன்னொரு பகுதியில் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய அஃப்லாதூன் திட்டத்தின்படி உரிமை, கடமை, பிறரோடு சேர்ந்து வாழ்தல் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தார்கள். இரண்டிலும் பிள்ளைகள் பள்ளியில் சேமித்தது கூடியது. அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்த சேமிப்பு பள்ளிக்கு இடம் மாறியது மட்டுமே. பணம் மட்டும் கற்ற பிள்ளைகள், எதுவும் கற்பிக்கப்படாத பிள்ளைகளைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள். சேர்த்துக் கற்றவர்களிடம் அப்படி ஒரு விளைவு காணப்படவில்லை. இரண்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதில்லை என்பதை ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். ஆகவே இதை முடிந்த முடிவாக வைக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள இது போதும்.

உதவி எங்கே முடிந்து உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க ஒரு கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு அந்தப் பிள்ளை வராவிட்டால் கடைக்கு நட்டமா? நட்டம் என்றால் அந்தப் பிள்ளை வேலைக்காரர். நட்டமில்லை, பிள்ளைக்குத்தான் ஒரு பாடம் போயிற்று என்றால் அது கல்வி. பணத்தோடு பொதுநலத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கும் நம் மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. விருதுநகரில் வணிகர்கள் சரக்கு வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துவைத்துப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். வீடுதோறும் சேர்த்த பிடி அரிசியும் சத்திரிய வித்தியாசாலையை நடத்த உதவியது. காமராசர் படித்த பள்ளி அது. பள்ளிச் சந்தையின் கணக்கு நோட்டில் மகமைக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

பணக் கல்வியால் ஒன்றும் ஆகாது, கற்றது மறந்துபோகும் என்பார்கள் ஆய்வுலகத்தினர் சிலர். 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மக்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் 0.1 விழுக்காட்டை மட்டுமே இத்தகைய கல்வி விளக்குகிறது என்று கண்டது. காலம் போகப் போகப் பயனும் தேய்ந்தது. பின்னர் 76 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வேறொரு குழு, பயன் உண்டு என்று கண்டறிந்தது. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி யார் வென்றார் என்று கேட்பதைவிட, எந்த வகைக் கல்வி நிலைத்தது என்று கேட்பது பயனுள்ளது. பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய 25,000 மாணவர்களை வைத்து நடந்த பரிசோதனையில் பணக் கல்வி தனிப் பாடமாக நடத்தப்படவில்லை. கணக்கு, மொழி, வரலாற்றுப் பாடங்களுக்குள்ளேயே கலந்து, வீட்டில் பெற்றோரோடு சேர்ந்து செய்யும் பயிற்சிகளோடு கொடுக்கப்பட்டது. பிள்ளைகளின் அறிவு கூடியதோடு பெற்றோரின் பண அறிவும் கூடியது. ஆனால் குறுகிய காலத்தில் ஒரு கசப்பான விளைவும் தெரிந்தது. கூடுதல் வட்டிக் கடனில் பொருள் வாங்குவதும் அந்தப் பிள்ளைகளிடம் அதிகரித்தது. இத்தோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் திட்டம் தோற்றது என்று எழுதியிருப்பார்கள். ஒன்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அதே மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக வட்டிக் கடனைக் குறைவாக நாடினார்கள், தவணை தவறியதும் குறைவு, சிறுதொழில் சொந்தமாக வைத்திருந்தவர்களும் அவர்களில் அதிகம். முதலில் சறுக்கி, பிறகு நிமிர்ந்திருக்கிறார்கள். பணத்தைக் கற்பது இப்படித்தான் நடக்கும். சறுக்குவதற்குச் சின்ன தொகையும் பாதுகாப்பான இடமும் கொடுப்பதுதான் பள்ளியின் வேலை.

நம் பள்ளிகளில் இதுவரை நடந்தவற்றில் பெரும்பகுதி சேமிப்பைச் சுற்றியது. சஞ்சயிகா திட்டத்தில் ஒரு தலைமுறை மாணவர்கள் ரூபாய் ரூபாயாகக் கட்டிப் புத்தகத்தில் வரவு வைத்தார்கள். பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க 2014 முதல் ரிசர்வ் வங்கி வழிவிட்டிருக்கிறது. நல்லவைதான். ஆனால் உண்டியல் பிள்ளைக்குக் காப்பதைக் கற்றுத்தரும், பெருக்குவதையும் இழப்பதையும் கற்றுத்தராது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-ல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் வரை முதலாகக் கொடுத்துத் தொழில் நடத்தச் சொன்னது துணிச்சலான அடி. முதல் என்ற சொல் அங்கே பிள்ளையின் கைக்கே வந்தது. தொலைக்காட்சியில் போட்டியாக அதை ஒளிபரப்பியபோது யோசனையை அழகாக விளக்கும் திறமைக்கு வெளிச்சம் கிடைத்தது. கணக்கு நோட்டை யாரும் ஒளிபரப்புவதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிச் சந்தையைத் திருத்த இவ்வளவு செலவு தேவையில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நான்கைந்து பிள்ளைகள் கொண்ட குழுவுக்குப் பள்ளி நூறோ இருநூறோ கடனாகக் கொடுக்கட்டும். சரக்கை வீட்டிலிருந்து இனாமாக எடுத்துவராமல், விலைக்கு வாங்கட்டும். அப்படியும் வீட்டிலிருந்து வந்த எண்ணெய்க்கும் அரிசிக்கும் விலை போட்டு எழுதட்டும். அம்மா உதவிய நேரத்தை மணிக்கணக்கில் எழுதி, ஊரில் கூலி என்ன விகிதமோ அதைப் போட்டுப் பார்க்கட்டும். இந்த ஒரு வரி பல வீடுகளில் லாபம் முழுவதையும் விழுங்கிவிடும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலை உண்டு என்பதை ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதில் தன் கையாலேயே கழித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விற்காமல் வாடிப்போன கீரையை நட்டத்தில் எழுதட்டும். கடனை அடைத்த பின் மிஞ்சியதைப் பங்கு பிரிக்கட்டும். அடைக்க முடியாத குழுவை யாரும் திட்டக் கூடாது. எங்கே கணக்கு தப்பியது என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து தேட வேண்டும், அடுத்த சந்தைக்கு அந்தக் குழுவுக்கும் முதல் கிடைக்க வேண்டும். சந்தை ஒரு நாளில் முடிந்தாலும் கணக்கைப் படிக்க ஒரு வாரம் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. 1989-ல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் எழுதிய குழு நோட்டு எத்தனையோ வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. பெட்டியடியில் ஆண்பிள்ளைகள் மட்டும் பெற்ற பயிற்சியைப் பெண்பிள்ளைகளும் பெற அந்த நோட்டே போதும். வீட்டுக் கடன் பிள்ளைக்குத் தெரிந்தால் மனம் வாடுமே என்று தயங்குகிற பெற்றோரின் தயக்கம் புரிகிறது. முழுச் சுமையையும் இறக்கிவைக்கச் சொல்லவில்லை. மின்கட்டணம் ஒன்றையோ மளிகைச் சீட்டு ஒன்றையோ பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால் போதும். குடும்ப வருமானத்தை வகுப்பில் எல்லோர் முன்பும் சொல்லச் சொல்லும் பயிற்சிகளை மட்டும் ஆசிரியர்கள் அறவே தவிர்க்க வேண்டும். அது பிள்ளைக்குக் கணக்கைக் கற்றுத்தராது, கூச்சத்தைத்தான் கற்றுத்தரும்.

ஆசிரியர்களே, அடுத்த சந்தை நாளில் டப்பாவைத் திறந்து காசை எண்ணத் தொடங்கும் பிள்ளையிடம் எவ்வளவு வந்தது என்று உடனே கேட்டுவிடாதீர்கள். முதல் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.